தின்டர்ன் மடாலயம் கவிதைக்குள் ஏன் இல்லை?

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் 'தின்டர்ன் மடாலயம்' கவிதையைப் படித்துவிட்டு, மடாலயம் எங்கே என்று தேடினீர்களா? தலைப்பில் உள்ள மடாலயம் கவிதையில் எங்குமே வராதது உங்கள் வாசிப்பின் பிழையன்று. 1798-இல் வேர்ட்ஸ்வொர்த் இட்ட முழுத் தலைப்பு 'தின்டர்ன் மடாலயத்திற்குச் சில மைல் மேலே எழுதிய வரிகள்' என்றே தொடங்குகிறது. 'மேலே' என்பது ஆற்றின் மேற்போக்கைக் குறிக்கிறது; மடாலயம் அங்கே இடக்குறிப்பு மட்டுமே.

இதை இயற்கை வருணனையாக எதிர்பார்த்ததால்தான் நீங்கள் தடுமாறியிருக்கக்கூடும். ஏறத்தாழ 160 வரிகளில் வை ஆற்றங்கரைக் காட்சி முதல் 22 வரிகளோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. 1793-இல் அவ்விடத்தைக் கண்ட இளம் வேர்ட்ஸ்வொர்த்துக்கும், ஐந்தாண்டு கழித்துத் தங்கையுடன் திரும்பிய அதே வேர்ட்ஸ்வொர்த்துக்கும் இடையே மனம் அடைந்த மாற்றமே மீதிப் பகுதியின் பொருள். கண்ணும் செவியும் உலகை உணர்வதோடு அதைப் பாதி படைக்கவும் செய்கின்றன என்று அவரே சொல்கிறார்.

கவிதையில் இறந்தகால வினைகளை ஒரு நிறத்திலும் நிகழ்கால வினைகளை வேறொரு நிறத்திலும் அடிக்கோடிட்டுப் பாருங்கள்; அந்த மாற்றம் நிகழும் இடம் தானே புலப்படும்.

ஆனால் இந்த விளக்கத்தை அக்காலக் கவிஞர் அனைவருக்கும் பொருத்திவிட வேண்டாம். பண்ணைக் கூலியாளராக இருந்த ஜான் கிளேர் (எனக்கு அவரையே கூடுதலாகப் பிடிக்கும்) இராப்பாடிப் பறவையின் கூட்டை முட்டைகளின் நிறம் வரை சொல்வார். அங்கே பறவை பறவையாகவே இருக்கிறது.