ஆசிரியரைக் கேளுங்கள்: பெண்கள் மட்டும் உள்ள குழு எதற்கு?

கேள்வி: நீங்கள் சிபாரிசு செய்தீர்களே என்று கெயில் சிமோன் எழுதிய 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' தொகுப்பை வாங்கிப் படித்தேன். மூன்று பெண்கள், அடிதடி, இறுக்கமான உடை. பெண்களும் காமிக்ஸ் வாங்கட்டும் என்று கம்பெனி போட்ட கணக்காகத்தான் எனக்குத் தெரிகிறது. ஆண்கள் மட்டுமே உள்ள குழு ஒன்றை இன்று வெளியிட்டால் சும்மா விடுவீர்களா? என் 14 வயது மகள் வேறு இதைப் படிக்கக் கேட்டு அடம்பிடிக்கிறாள். கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆண்கள் குழுவை இன்று வெளியிட்டால் என்று கேட்கிறீர்கள். நாம் இத்தனை காலம் படித்ததே அதுதானே? 1960இல் ஜஸ்டிஸ் லீக் தொடங்கியபோது ஏழு பேர், அதில் பெண் வொண்டர் வுமன் மட்டும். அடுத்த வருஷம் ஃபென்டாஸ்டிக் ஃபோர், நால்வரில் ஒருத்தி. 1963இல் அவெஞ்சர்ஸ், ஐவரில் ஒருத்தி. இதற்கெல்லாம் முன்னால், 1942இல், ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற குழுவில் வொண்டர் வுமனைச் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்குக் கொடுத்த பதவி காரியதரிசி. குழுவிலேயே பெரும் பலசாலிகளில் ஒருத்தி; அவளை மினிட்ஸ் எழுத உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சண்டைக்குப் போனார்கள். அப்போதெல்லாம் யாரும் இதைக் கணக்கு என்று சொன்னதில்லை. பெண்களின் எண்ணிக்கை கூடும்போது மட்டும் நமக்குக் கணக்கு ஞாபகம் வருகிறது என்றால், அதை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கம்பெனிக்கு வியாபாரம் உண்டா? உண்டு. இதை வெளியிடும் டிசி கம்பெனி தர்மத்துக்குப் புத்தகம் போடவில்லை. 1996இல் இந்தக் குழுவின் முதல் இதழை எழுதிய சக் டிக்ஸனும் வரைந்த கேரி ஃபிராங்கும் ஆண்கள்தான். ஆனால் இந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று பாருங்கள். உங்கள் கையிலுள்ள தொகுப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பார்பரா கோர்டன் 1967இல் பேட்கேர்ளாக அறிமுகமானவள். நூலகர், படிப்பாளி, போலீஸ் கமிஷனரின் மகள். 1988இல் ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த 'தி கில்லிங் ஜோக்' வந்தது. வாசல் மணி அடிக்கிறது. எதிர்வீட்டுத் தோழிதான் என்று நினைத்துப் பார்பரா கதவைத் திறக்கிறாள். துப்பாக்கியோடு நிற்கிறான் பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர். குண்டு முதுகுத்தண்டைத் துளைக்கிறது. விழுந்து கிடப்பவளைப் படம் எடுக்கிறான். எதற்கு? அவளுடைய அப்பாவிடம் காட்டி அவரைப் பைத்தியமாக்க. கதை அப்பாவுக்கும் ஜோக்கருக்கும் பேட்மேனுக்கும் நடுவில் நடக்கிறது. கடைசிப் பக்கத்தில் பேட்மேனும் ஜோக்கரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் நாயகியாக இருந்தவளை இன்னொருவர் கதைக்குக் காயமாக்கிவிட்டு அதோடு கைகழுவிவிட்டார்கள். படைத்தவர்கள் பெரிய கலைஞர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவளுக்குச் செய்தது அநியாயம் என்பதிலும் சந்தேகமில்லை.

அதைப் பொறுக்காதவர்கள் ஜான் ஆஸ்ட்ராண்டர், கிம் யேல் என்ற கணவன் மனைவி. 'சூயிசைட் ஸ்குவாட்' தொடரை அவர்கள் எழுதிவந்த 1989இல், கணினி வழியாக உதவிசெய்யும் முகம் தெரியாத ஒருவர் உள்ளே வருகிறார். பெயர் ஆரக்கிள். யாரென்று வெகுநாள் சொல்லவில்லை. கடைசியில் பார்த்தால், சக்கர நாற்காலியில் பார்பரா! மந்திரம் போட்டு அவளை எழுப்பி நடக்க வைக்கவில்லை. நூலகருக்குரிய மூளையை, எதையும் மறக்காத ஞாபகசக்தியை அவளுக்கு ஆயுதமாக்கினார்கள். பிறகு நாற்காலியில் இருந்தபடியே கம்புச் சண்டை கற்றுக்கொள்கிறாள். பேட்மேனின் ஊரான காதம் நகரத்து மணிக்கூண்டுக்குள் கணினித் திரைகளுக்கு நடுவே உட்கார்ந்தவளை ஊரிலுள்ள நாயகர்கள் எல்லாரும் தகவல் கேட்டுக் கூப்பிடுகிறார்கள், பேட்மேன் உட்பட.

அடுத்தவள் பிளாக் கேனரி. 1947இலிருந்து இருப்பவள். 1987இல் 'தி லாங்போ ஹண்டர்ஸ்' கதையில் அவளைப் பிடித்துச் சித்திரவதை செய்கிறார்கள். அவளுடைய சக்தியே அவள் குரல்தான், அதுவும் போகிறது. அதுவும் யாருக்காக? அவள் காதலன் கிரீன் ஆரோ பழிவாங்கப் புறப்பட வேண்டும் என்பதற்காக.

இந்த இருவரையும் சேர்த்து வைத்ததுதான் 1996ஆம் வருஷத்து இதழ். பார்பரா நாற்காலியில் இருந்து பேசுகிறாள், கேனரியின் காதில் அந்தக் குரல் கேட்கிறது. வெகுகாலம் ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பார்த்ததே இல்லை. குரலை மட்டும் நம்பி ஒருத்தி கூரை விட்டுக் கூரை தாவுகிறாள், இன்னொருத்தி அவளுக்கு வழி சொல்கிறாள். வேலை முடிந்த பிறகும் பேச்சு நிற்பதில்லை. இருவருக்கும் பேச எவ்வளவோ இருக்கிறது. போன குரல் கேனரிக்குத் திரும்பக் கிடைத்ததும் இந்தத் தொடரில்தான்.

இப்போது கெயில் சிமோனுக்கு வருவோம். முடிதிருத்தும் தொழிலில் இருந்தவர், காமிக்ஸ் வாசகி. 1994இல் ஒரு கிரீன் லேண்டர்ன் இதழில் நாயகன் வீட்டுக்கு வந்து பார்த்தால் காதலியின் உடல் ஃபிரிட்ஜுக்குள் திணிக்கப்பட்டிருக்கும். இப்படிக் கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சக்தி பிடுங்கப்பட்ட நாயகிகள் எத்தனை பேர் என்று 1999இல் சிமோன் ஒரு பட்டியல் போட்டு இணையத்தில் வைத்தார். பெரிய பெரிய கதாசிரியர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பட்டியலில் பார்பராவும் உண்டு, கேனரியும் உண்டு. பட்டியல் போட்டவர் கைக்கே 2003இல் 56ஆவது இதழிலிருந்து அந்தத் தொடர் வந்து சேர்ந்தது. நீங்கள் வாங்கியது அங்கே தொடங்கும் தொகுப்பு. இதை வெறும் கம்பெனி கணக்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்தக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாவன்ட் என்பவன் கேனரியைக் கடத்தி அவள் கால்களை உடைத்துப் போடுகிறான். பணயமாக அவன் கேட்பது பணம் அல்ல, பேட்மேன் யார் என்ற ரகசியம். அது பார்பராவுக்குத் தெரியும். சொன்னால் தோழி பிழைப்பாள், சொன்னால் வேறு பலர் சாவார்கள். 1988இன் அதே ஏற்பாடுதான் இது: அடிபட்டுக் கிடக்கும் ஒரு பெண், அவளை வைத்து இன்னொருவரை வதைக்கும் ஒருவன். இந்த முறை வதைபடுவதும் முடிவெடுப்பதும் காப்பாற்றக் கிளம்புவதும் பெண்கள். உதவிக்குப் பார்பரா கூப்பிடுவது ஹன்ட்ரஸை. பகலில் பள்ளி ஆசிரியை, இரவில் வில்லும் கையுமாக அலைபவள். பேட்மேன் நம்பாதவள், பார்பராவுக்கும் அவளுக்கும் ஒத்தே போகாது. பின்னால் வரும் இதழ்களில், தன்னைப் பார்பரா ஆட்டிவைக்கிறாள் என்று தெரிந்ததும் ஹன்ட்ரஸ் உறவை முறித்துக்கொண்டு போவதும் நடக்கும். மூவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். ஒரே ஒரு பெண் இருக்கும் குழுவில் அவள் ஒருத்தியே எல்லாப் பெண்களுக்கும் பிரதிநிதியாக நிற்க வேண்டியிருக்கும். இங்கே ஒருத்தி பிடிவாதக்காரி, ஒருத்தி இளகிய மனசுக்காரி, ஒருத்தி முன்கோபி என்று இருக்க இடம் இருக்கிறது.

உடை பற்றி நீங்கள் சொன்னது சரி. ஓவியர் எட் பெனஸின் கோடு வலுவானது, சண்டைக் காட்சிகளில் வேகம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேர் நின்று பேசும் சாதாரணக் கட்டத்தில்கூட உடம்பை வளைத்து, பின்புறத்தைக் காட்டி வரைவது கதைக்குச் செய்யும் துரோகம். எழுத்து அவர்களை மனுஷிகளாகப் பார்க்கிறது, ஓவியம் பல இடங்களில் அப்படிப் பார்க்கவில்லை.

பெண் நாயகி என்றால் பெண்களுக்கான சரக்கு என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 1984இல் லயன் காமிக்ஸ் தன் முதல் இதழையே மாடஸ்டி என்ற சாகச நாயகியை நம்பித்தான் தொடங்கியது. என் தலைமுறைப் பையன்கள் அதை ஒதுக்கவில்லை, கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம்.

2011இல் டிசி எல்லாக் கதைகளையும் புதிதாகத் தொடங்கியபோது பார்பராவை நடக்க வைத்து மறுபடி பேட்கேர்ள் ஆக்கியது. எழுதியவர் சிமோனே. அப்போது மனம் நொந்தவர்கள் மாற்றுத்திறனாளி வாசகர்கள். நடக்க முடியாத ஒரு பெண் குழுவுக்குத் தலைவியாக இருந்த கதை அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. அதைப் பிடுங்கியது போலத்தான் அவர்களுக்குப் பட்டது. எனக்கும் அந்த வருத்தம் இன்றுவரை உண்டு.

மகளுக்குக் கொடுங்கள், ஆனால் வரிசையாக. முதலில் டிக்ஸன் எழுதிய ஆரம்பத் தொகுப்பு. கூடவே, பார்பரா எப்படி ஆரக்கிள் ஆனாள் என்று யேலும் ஆஸ்ட்ராண்டரும் 1996இல் எழுதிய சிறுகதை கிடைத்தால் அதையும் கொடுங்கள். சிமோன் தொகுப்பில் வன்முறை இருக்கிறது, கால் உடைக்கும் இடம் கடுமையானது. நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள், அவள் படிக்கும்போது பக்கத்தில் இருங்கள், கேள்வி கேட்டால் பேசுங்கள். 'தி கில்லிங் ஜோக்' இப்போது வேண்டாம். மூன்று நான்கு வருஷம் போகட்டும்.