மிஸ்ஸியிடம் கேளுங்கள்: கறுப்புக் குழாயும் சாக்கு அடைத்த ஜன்னலும்

(இலங்கையின் நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் 31 வருடம் குடும்ப நல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்ற மிஸ்ஸி, தொற்றுநோய்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மூன்று வாரத்துக்குள் ஐந்து பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை. முதலில் வந்த பிள்ளையின் வீட்டாரோடு இப்போது யாரும் பேசுவதில்லை. நேற்று என் மகளுக்கும் கண் மஞ்சளாகிவிட்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டுமா? – ஒரு தாய், தலவாக்கலை

போக வேண்டும் மகள், நாளைக் காலையிலேயே. ஒரு நாள் பேர் (சம்பளம்) போனாலும் பரவாயில்லை.

லயத்தில் பிள்ளைகளுக்கு இப்படி அடுத்தடுத்து வருவது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ என்ற வைரஸால்தான். அதற்கென்று தனி மருந்து கிடையாது. ஓய்வு, நல்ல சாப்பாடு, நிறைய நீராகாரம் இவை இருந்தால் அநேகமான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். 'மருந்தே இல்லாத நோய்க்கு ஏன் ஆஸ்பத்திரி?' என்று நீங்கள் கேட்கலாம். இரத்தம் பார்த்து இது அதுதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், தொற்றுநோயை அறிவிக்கும் 544 படிவத்தை டாக்டர் எழுத வேண்டும். இந்த நோய் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. அந்தத் தாள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குப் போனால்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் லயத்துக்கு ஏறி வருவார். ஐந்து பிள்ளைகளையும் வீட்டிலேயே வைத்துப் பார்த்திருந்தால், பணிமனைக் கணக்கில் உங்கள் தோட்டத்தில் ஒருவருக்குமே காமாலை இல்லை.

அந்த முதல் பிள்ளையின் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வைரஸ் உடம்புக்குள் போய் இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரம் கழித்துத்தான் கண் மஞ்சளாகும். சராசரியாக நாலு வாரம். மூன்று வாரத்துக்குள் ஐந்து பிள்ளைகள் என்றால், எல்லோரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே தண்ணீரைக் குடித்திருக்கவே அதிக வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்கு முதலில் தெரிந்தது, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளுக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே வந்து போவதும் உண்டு. ஆகவே யாரிடமிருந்து தொடங்கியது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

தண்ணீரைத் தேடுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம் ஒரு தோட்டத்தில் இதே மாதிரி நடந்தது. ஊற்றைப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. தாங்கியைப் பார்த்தோம், மூடி இருந்தது. பரிசோதகர் ஐயா குழாய் வந்த வழியே இறங்கி நடக்கச் சொன்னார். கறுப்புக் குழாய் ஓரிடத்தில் லயத்துக் கழிவுநீர்க் கானுக்குள்ளேயே கிடந்தது. இரண்டு துண்டுக் குழாயைச் சேர்த்து சைக்கிள் டியூப்பால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மேலே இருந்த மலசலகூடக் குழி நிரம்பி அதே கானில் கசிந்துகொண்டிருந்தது. பகலில் தண்ணீர் ஓடும்போது அந்த மூட்டிலிருந்து வெளியே பீச்சும், உள்ளே ஒன்றும் போகாது. இரவில் தாங்கியின் வால்வை மூடியதும் குழாய் வெறுமையாகி, கான் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் முதல் வாளி கொஞ்சம் கலங்கலாக வருகிறது என்று ஒரு பாட்டி முதல் நாளே சொல்லியிருந்தார். நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

உங்கள் லயத்திலும் முதல் வாளியைப் பாருங்கள். குழாய் எங்கே கானைத் தாண்டுகிறது என்று ஆண்கள் இரண்டு பேர் நடந்து பார்க்கட்டும். குழாயைக் கானை விட்டு மேலே தூக்கி, மூட்டை மாற்றி, தாங்கிக்குக் குளோரின் போடும்வரை குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். குமிழி விட்டுக் கொதிக்கத் தொடங்கிய பின்னும் இரண்டு மூன்று நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். விறகு படும் பாடு எனக்குத் தெரியும், ஆனாலும் குடிக்கிற அளவுக்காவது காய்ச்சுங்கள். 'நாங்கள் தேத்தண்ணிதானே குடிக்கிறோம்' என்பார்கள். சரி, அந்தக் கோப்பையை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? பிள்ளை விளையாடிவிட்டு ஓடிவந்து தண்ணீர்ப் பீலியில் வாய் வைத்துக் குடிக்கவில்லையா? மலையில் கொழுந்து எடுக்கும்போது ஓடையில் அள்ளிக் குடிப்பதையும் விடுங்கள். ஒரு போத்தல் ஆறின தண்ணீரைக் கூடையோடு கொண்டுபோகலாம்.

கீழாநெல்லி மேல் எனக்குக் கோபமில்லை. அதை அதே குழாய்த் தண்ணீரில் பச்சையாக அரைத்துக் கொடுப்பதும், கூடவே உப்பில்லாப் பத்தியம் என்று பிள்ளையைப் பட்டினி போடுவதும்தான் பயம். பிள்ளைக்குப் பசிக்கிறதைக் கொடுங்கள். பெயர் தெரியாத கசாயங்கள் வேண்டாம், ஈரல் ஏற்கெனவே களைத்திருக்கிறது. பனடோலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பிள்ளை பிதற்றினாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, எங்காவது இரத்தம் கசிந்தாலோ அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கண் மஞ்சளாகி ஒரு வாரம் வரைக்கும் பள்ளிக்கூடமும், தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவும் வேண்டாம்.

கேள்வி: கொழுந்து நிறுக்கப் போகும் வழியில் நாய் கடித்தது. சின்னக் காயம்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்திருக்கிறேன், போதுமா? – வாசகி, இராகலை

போதாது. அதைக் கழுவிவிடுங்கள். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். பிறகு அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடிக்கு ஊசி இலவசம். நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. நாயை அடித்துக் கொல்ல வேண்டாம். கட்டிவைக்க முடிந்தால் கட்டி, 14 நாள் கவனியுங்கள். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: என் கணவர் கொழும்பில் கடையில் வேலை செய்தார். இருமலோடு வீட்டுக்கு வந்தார், காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் மாத்திரை போட்டார், நல்ல சுகம். இப்போது 'இனி வேண்டாம்' என்கிறார். மாமியார் அவருக்குத் தட்டும் கோப்பையும் தனியாக வைத்து, பாயை இஸ்தோப்பில் (வெளித் திண்ணையில்) போட்டிருக்கிறார். எங்களுக்கு மூன்று வயதில் ஒரு மகன். வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. – பெயர் வேண்டாம், மஸ்கெலியா

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். என் அப்பாவுக்கு இதே நோய் வந்தபோது எனக்கு எட்டு வயது. அவருடைய தகரக் கோப்பை இஸ்தோப்பில் ஆணியில் தொங்கும். நாங்கள் அதைத் தொடக் கூடாது. அவர் உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்தால் அப்பத்தா ஏசுவார். மற்றவர்கள் எல்லோரும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், குளிருக்காக ஜன்னலில் சாக்கு அடைத்து, புகைக்குள் படுத்திருந்தோம். அப்பா ஒன்றரை வருடம் ஊசியும் மாத்திரையுமாகக் கிடந்து பிழைத்தார். பிறகு பயிற்சியில் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது: கோப்பையில் ஒன்றுமே இருக்கவில்லை. இந்தக் கிருமி கோப்பையாலும் தட்டாலும் துணியாலும் தொற்றாது. இருமும்போது காற்றில் வரும், காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்காகத் தங்கி நிற்கும். நாங்கள் கோப்பையைப் பிரித்துவிட்டு ஜன்னலை அடைத்திருந்தோம்.

ஆகவே மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அவர் பேரனுக்காகத்தான் பயப்படுகிறார், அவரோடு சண்டை வேண்டாம். தட்டைச் சேர்த்து வைக்கலாம். ஜன்னல் சாக்கைப் பகலில் எடுத்துவிடுங்கள், வெயில் உள்ளே வரட்டும். சரியான மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் பொதுவாக இரண்டு மூன்று வாரத்திலேயே மற்றவர்களுக்குத் தொற்றுவது பெருமளவு நின்றுவிடும். உங்கள் கணவர் இரண்டு மாதம் போட்டிருக்கிறார். கிளினிக்கில் சளி பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தால், இஸ்தோப்பில் குளிரில் படுக்க வைக்க ஒரு நியாயமும் இல்லை.

அப்புறம் மாத்திரை. பொதுவாக முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு மருந்து, மொத்தம் ஆறு மாதம். இரண்டாம் மாதம் முடியும்போது இருமல் நின்று, பசி வந்து, உடம்பும் ஏறும். என் அனுபவத்தில் அதிகம் பேர் நிறுத்துவது அங்கேதான். மருந்துக்குத் தப்பிய கொஞ்சக் கிருமிகள் இன்னும் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் அவை எழும்பும், அப்போது இதே மாத்திரைக்குக் கட்டுப்படாமலும் போகலாம். பிறகு வைத்தியம் இன்னும் நீளம், இன்னும் கஷ்டம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்து இரத்தம் என்று பயந்து நிறுத்தியவர்களையும் கண்டிருக்கிறேன். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயமில்லை. ஆனால் கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ உடனே கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

மகனை இந்த வாரமே மார்பு நோய் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி, மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்துதான் நன்றாகக் காக்கும், முழுக் காப்பல்ல. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால், நோய் இல்லை என்று பார்த்த பிறகு, வராமலிருக்க மாத்திரை கொடுப்பார்கள். நீங்களும் மாமியாரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எல்லாம் இலவசம். அவரோடு கொழும்பில் ஒரே அறையில் படுத்திருந்தவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள், அவர்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள்.

வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் பேசுவார்கள். அந்த வலியை நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன், பட்டவள் நான். கிளினிக்குக்கு நடக்கத் தயங்கினால் உங்கள் பகுதி மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். கண்முன் மாத்திரை கொடுப்பதற்கு வீட்டுக்குக் கிட்ட நம்பிக்கையான ஒருவரை ஒழுங்கு செய்யலாம்.

கேள்வி: தொற்றுநோய் என்றாலே தோட்டங்களைச் சொல்கிறார்கள். நம் மக்கள் சுத்தமில்லாதவர்கள் என்பதாலா? – உயர்தர வகுப்பு மாணவி, பண்டாரவளை

இல்லை பிள்ளை. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டியிருப்பதே எனக்கு மனவேதனை.

தேயிலைக்கு முந்திய காப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழிநெடுக விழுந்தார்கள். குடிக்க நல்ல தண்ணீரும் ஒதுங்க இடமும் இல்லாமல் கூட்டங்கூட்டமாக நடக்க வைத்தால் யாருக்கும் அதுதான் நடக்கும். பிறகு தமிழ்நாட்டுக் கரையில் மண்டபம் என்ற ஊரில் முகாம் வைத்து, நோய் பார்த்து, தடுத்துவைத்து அனுப்பினார்கள்.

கொக்கிப்புழுவை எடுங்கள். 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் இங்கே தோட்டங்களில் அதற்கு எதிராக வேலை தொடங்கினார்கள். மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கிற புழு அது. கெனோபோடியம் என்ற எண்ணெயைக் கொடுத்துப் புழுவை இறக்கினார்கள். ஆனால் போதிய மலசலகூடம் இல்லாத தோட்டத்தில் மருந்து குடித்த அதே ஆள் மறுபடி அதே புதருக்குத்தானே போக வேண்டும்? புழு திரும்ப வந்தது. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் நான் 'வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா?' என்றுதான் முதலில் கேட்பேன். மூன்று குடும்பத்துக்கு ஒன்று என்பார்கள், அதுவும் கதவில்லாமல்.

வசதி வந்த இடத்தில் நம் மக்கள் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். நான் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஏறிப்போனால், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல் பிள்ளையோடு காத்திருப்பார்கள். இளம்பிள்ளை வாதம் இந்த நாட்டில் கடைசியாகக் கண்டது 1993இல். மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அந்த வெற்றியில் தோட்டத்துத் தாய்மாருக்கும் பங்கு உண்டு. உங்கள் வகுப்பில் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த மகனுக்கு இரண்டு நாளாகக் கடும் காய்ச்சல். இந்தக் குளிரில் டெங்கு வருமா? – தந்தை, நானுஓயா

நுளம்பு அவரைக் கொழும்பில் கடித்திருக்கும் ஐயா, காய்ச்சல்தான் உங்கள் வீட்டில் வந்திருக்கிறது. ஆகவே டெங்குவாக இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பனடோல் மட்டும் அளவாகக் கொடுங்கள். அஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனக் எதுவும் வேண்டாம், இரத்தம் கசியக்கூடும். கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்புச்சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள். சிறுநீர் எத்தனை தடவை போகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் இறங்கினால் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். வயிற்று வலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல், மயக்கம், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று கண்டாலும் நேரே ஆஸ்பத்திரி. ஒன்றுமே இல்லாவிட்டாலும் நாளை மூன்றாம் நாள், காலையில் இரத்தம் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்தவர் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பையன் 'ஒன்றுமில்லை அப்பா' என்று படுத்துக்கொண்டால் விடாதீர்கள், நீங்களே கூடப் போங்கள்.