மார்த்தாண்டம் அக்காவுக்கு: கரண்ட் பில், கேஸ் பற்றி

அக்கா, நாலு பேருள்ள வீட்டில் இரண்டு மாதத்துக்கு 520 யூனிட் ஓடுது, சிலிண்டர் ஒரு மாதம்கூட வரமாட்டேங்குது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த 20 யூனிட்டைக் குறையுங்கள். 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கணக்கெடுக்க ஆள் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே மீட்டரைப் பாருங்கள். கிணற்று மோட்டார் ஒரு குதிரைத்திறன் என்றால் மணிக்கு முக்கால் யூனிட்டுக்குக் குறையாது. டேங்க் வழிய விடாதீர்கள். பழைய 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் உள்ளது) போட்டால், தினம் 12 மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்தில் 30 யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

கேஸைத் தின்பது நம்ம சம்பா அரிசிதான். இரவே ஊறப்போடுங்கள். காலையில் பானையை நன்றாகத் தளதளவென்று பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியோடு தெர்மல் குக்கருக்குள் (அடுப்பில்லாமலே சூட்டைப் பிடித்து வைக்கும் பாத்திரம்) இறக்கி மூடிவிடுங்கள். இடையில் திறந்து பார்க்கக் கூடாது, மாமியார் கேட்டாலும் சரி! ஒரு மணி நேரம் கழித்துப் பதம் பார்த்து வடியுங்கள். குழைந்தால் அடுத்த நாள் கொதிக்கவிடும் நேரத்தைக் குறையுங்கள்.

அப்புறம், மீன். சாளை (மத்தி) மலிவாகக் கிடைக்கும் நாளில் நெய்மீன் (வஞ்சிரம்) பக்கம் போகாதீர்கள். மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்கு) சாளைக் கறிதானே பொருத்தம்.