காக்கையையும் எண்ணுங்கள்

கல்லூரி வளாகங்களில் பறவை பார்க்கும் நடை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் 28 ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவரும், ஓய்வுக்குப் பிறகும் அங்கே மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை நடையை நடத்திவருபவருமான பேராசிரியை பதில் சொல்கிறார்.

கல்லூரி மாணவி, சிவகாசி: எங்கள் கல்லூரி வெறும் 12 ஏக்கர். வேம்பு, புங்கை, கொஞ்சம் செம்பருத்தி, வண்டி நிறுத்தும் கொட்டகை, அவ்வளவுதான். குளம்கூட இல்லை. இங்கே பறவை நடை தொடங்கினால் பார்க்க என்ன இருக்கும்? எப்படித் தொடங்குவது?

அந்த ‘வெறும்’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடும்மா. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் பழுக்கும்போது மரத்தடியில் அரை மணி நேரம் நின்று பார். குயில் வரும். ஆண் முழுக் கறுப்பு. பெண்ணுக்கு உடம்பெல்லாம் புள்ளி. அதுவும் குயில்தான் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். கொண்டைக்குருவியும் மைனாவும் வரும். மரத்தில் பழைய பொந்து இருந்தால் புள்ளி ஆந்தை ஜோடியாகக் குடியிருக்கும். பகலிலேயே வாசலில் வந்து உட்கார்ந்து, தலையை மேலும் கீழும் ஆட்டி நம்மைப் பார்க்கும். அணில்கள் சேர்ந்து கத்தினால் உடனே நிமிர்ந்து பார், வல்லூறு எங்கோ அமர்ந்திருக்கும். செம்பருத்திக்குத் தேன்சிட்டு வராமல் இருக்காது.

நாங்கள் தொடங்கியபோது ஐந்தே பேர். நான், மூன்று மாணவிகள், வாசல் காவலாளி அண்ணன். இயற்பியல் துறையிலிருந்து இரவல் வாங்கிய ஒரு பைனாகுலர். முதல் நாள் எழுதியது 14 வகை. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சானைப் பார்த்து நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, “கருவாட்டுவாலிதானே டீச்சர்” என்றார் அண்ணன். செம்போத்து எந்தப் புதரில் கூடு கட்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து அவர் இல்லாமல் நடை கிடையாது. உங்கள் கல்லூரியிலும் தோட்டக்காரரோ காவலாளியோ இப்படி ஒருவர் இருப்பார். முதலில் அவரைக் கூப்பிடு.

அப்புறம் முதல்வரிடம் ஒரு கடிதம் கொடு. மாதத்தில் ஒரு நாள், ஒரே பாதை, ஒரே நேரம் என்று வைத்துக்கொள். நாங்கள் காலை 6.15க்குத் தொடங்கி 7.45க்கு முடிப்போம். ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டு பேருக்கு மேல் வந்தால் இரண்டு குழுவாகப் பிரிந்துவிட வேண்டும். பெரிய கூட்டம் நடந்தால் பேச்சுதான் கேட்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம். மழை பெய்தால் ஒழிய எந்த மாதமும் விடாதே. இரண்டு பேர்தான் வந்தார்கள் என்றாலும் நட.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவில்பட்டி: பைனாகுலர் வாங்கலாம் என்றிருக்கிறேன். 20 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கடையில் ஒன்றைக் காட்டினார்கள். வாங்கலாமா?

வேண்டாம் ஐயா. 8×42 என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் அத்தனை மடங்கு கூடும், பார்க்கும் பரப்பும் குறுகும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் கண் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட்டுப் பாருங்கள். பறவையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பைனாகுலரை மட்டும் கண்ணுக்குத் தூக்க வேண்டும். இதை ஒரு வாரம் வீட்டு மாடியில் காக்கையை வைத்துப் பழகினால் போதும்.

உதவிப் பேராசிரியர், தஞ்சாவூர்: எங்கள் நடைக்கு முதல் மாதம் நாற்பது மாணவர்கள் வந்தார்கள். நான்காவது மாதம் ஆறு பேர். “அதே மைனா, அதே காக்கை, அதே தவிட்டுக்குருவி” என்கிறார்கள். ஆர்வத்தை எப்படித் தக்கவைப்பது?

அந்த ஆறு பேரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் சார். நடை அவர்களால்தான் நிலைத்து நிற்கும்.

புதுப் பறவை தேடிப் போகிறோம் என்ற எண்ணத்தில்தான் எல்லாரும் முதல் நாள் வருகிறார்கள். அது இருபது, முப்பது வகையோடு தீர்ந்துவிடும். அதனால் நாங்கள் இரண்டாவது ஆண்டிலிருந்து வகையை எழுதுவதோடு நிற்காமல் எண்ணிக்கையையும் எழுத ஆரம்பித்தோம். காக்கை எத்தனை, மைனா எத்தனை, எல்லாம். தவிட்டுக்குருவிக் கூட்டத்தைப் புதருக்குள் எண்ண முடியாது. ஆனால் அவை ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குப் போகும்போது ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பறக்கும். அந்த இடைவெளியில் காத்து நின்று எண்ண வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்த நாளில், சலிப்பாக இருக்கிறது என்ற பையனே பத்து நிமிடம் அசையாமல் நின்றான். எட்டு என்றான். அடுத்த மாதமும் அவனே போய் நின்று எண்ணினான்.

அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் அந்தக் கூட்டம் ஒரு வேற்றுக் குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்த்தோம். தலையில் கொண்டை, நீண்ட வால், கறுப்பும் வெளுப்புமாக உடம்பு. சுடலைக்குயில். அது தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். இவை தம் குஞ்சாகவே வளர்க்கும். அந்தக் கூட்டத்தையே மாதாமாதம் பார்த்து வந்ததால்தான் இது எங்கள் கண்ணில் பட்டது.

இன்னொன்று. எங்கள் விடுதி வேலியோரம் ஒரு உடை மரம். செப்டம்பரில் அதில் பழுப்புக் கீச்சான் வந்து உட்காரும். மங்கோலியா, சைபீரியா பக்கம் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிருக்கு இங்கே வரும் பறவை அது. வந்ததும் கரகரவென்று கத்தி, இது என் இடம் என்று பிடித்துக்கொள்ளும். காலில் வளையமிட்டுப் பார்த்த ஆய்வுகளில், போன குளிர்காலத்தில் இருந்த அதே இடத்துக்கே திரும்பி வருவது தெரியவந்திருக்கிறது. எங்கள் மரத்தில் ஏழு ஆண்டுகளாக ஒரு கீச்சான் உட்காருகிறது. எல்லா ஆண்டும் ஒரே பறவைதானா என்று வளையமிடாமல் சொல்ல முடியாது. ஆனாலும் செப்டம்பர் நடையில் எல்லாரும் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

பட்டியலை, உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் பதிவு செய்யும் இ-பேர்ட் என்ற இணையதளத்தில் ஏற்றுங்கள். தொடங்கிய நேரம், நடந்த தூரம், ஆள் எண்ணிக்கை எல்லாம் சேர்த்து, பார்த்த எல்லாப் பறவையையும் விடாமல் போட வேண்டும். காக்கையை விட்டுவிட்டால் அந்தப் பட்டியலின் மதிப்புக் குறைந்துவிடும், ஏனென்றால் நாளைக்கு ஒருவர் காக்கை குறைந்ததா என்று தேடுவார். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலக அளவில் நான்கு நாள் நடக்கும் கணக்கெடுப்பு இரண்டும் மாணவர்களுக்குப் பெரிய உற்சாகம். 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தப் பிப்ரவரிக் கணக்கெடுப்பில், இந்தியாவில் கல்லூரி வளாகங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. குறைந்தது 15 நிமிடம் பார்த்து எழுதினால் போதும். போன மாதம் வராத பையன்களும் அன்று வந்துவிடுவார்கள்.

ஒரு தாய், நாகர்கோவில்: மகள் காலை ஆறு மணிக்கே கிளம்புகிறாள். பாம்பு, பூச்சி என்று பயமாக இருக்கிறது.

பாதையை விட்டு இறங்காமல், காலை மூடிய ஷூ போட்டு நடந்தால் பயப்பட ஒன்றுமில்லை அம்மா. பாம்பு பெரும்பாலும் நம் காலடி அதிர்வை உணர்ந்து விலகிவிடும். நடத்துகிற ஆசிரியர் யார், எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு நாள் நீங்களும் கூடப் போய் வாருங்கள். எங்கள் நடைக்கு இரண்டு அம்மாக்கள் வருகிறார்கள்; தையல்சிட்டின் கூட்டை முதலில் கண்டுபிடித்தது அவர்களில் ஒருவர்தான். இரண்டு இலையைச் சேர்த்து நாரால் தைத்திருந்த அழகைப் பார்த்துவிட்டு, அன்று வெகுநேரம் அந்தச் செடியை விட்டு அவர் நகரவில்லை.

முதுகலை மாணவர், கோவை: எங்கள் குழுவில் சிலர் படம் எடுப்பதற்காக, செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிறார்கள். தவறா?

தவறுதான். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது பதறி வருகிறது. இரை தேட வேண்டிய நேரத்தையும் கூட்டைக் காக்க வேண்டிய நேரத்தையும் இல்லாத எதிரியைத் தேடுவதில் செலவழிக்கிறது. அந்த நேரத்தில் காக்கை கூட்டில் புகுந்தால் முட்டை போயிற்று. எங்கள் குழுவில் முதல் நாளே சொல்லிவிடுவோம்: குரலை ஒலிக்கவிடக் கூடாது, கூட்டுக்கு அருகே நின்று படம் எடுக்கக் கூடாது, கூடு இருக்கும் இடத்தை வாட்ஸப்பில் போடக் கூடாது. கேட்காதவரை இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை. குரலைக் கேட்டு அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியைப் பயன்படுத்தலாம். அடையாளம் சொல்லும் அந்த வசதி கேட்க மட்டும்தான் செய்யும். ஆனால் அது சொல்வதை அப்படியே எழுதாமல், கண்ணால் பார்த்துவிட்டோ காதால் உறுதி செய்துவிட்டோ எழுதச் சொல்லுங்கள்.

உதவி நூலகர், மதுரை: வளாகத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று சருகையெல்லாம் கூட்டி எரிக்கிறார்கள். புதர்களையும் வெட்டுகிறார்கள். என்ன சொல்லிப் புரியவைப்பது?

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2014 அக்டோபரில் ஒரு நாள், நூலகத்துக் கண்ணாடிக் கதவடியில் ஒரு பறவை ஒடுங்கிக் கிடப்பதாக ஒரு மாணவி ஓடி வந்தாள். பச்சை முதுகு, சிறகில் நீலம், அடிவயிறு குங்குமச் சிவப்பு, குட்டை வால். ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது. இரவில் பயணம் செய்து களைத்து வந்து, கண்ணாடியில் மோதிவிடும். அட்டைப்பெட்டியில் துளை போட்டு, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்தோம். தண்ணீர் புகட்டவில்லை, தொடவில்லை. மாலையில் மூலிகைத் தோட்டத்துக்குப் பின்னால் சருகு கிடந்த இடத்தில் பெட்டியைத் திறந்தோம். தத்தித் தத்திப் போய் இலையைப் புரட்ட ஆரம்பித்தது. சருகுக்கடியில் உள்ள புழு பூச்சிதான் அதற்குச் சாப்பாடு.

அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அந்த மூலையில் விடியலிலும் சாயங்காலம் ஆறு மணி வாக்கிலும் அதன் இரட்டை விசில் கேட்கும். 2018 கோடையில் அந்த மூலையை ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்துவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்கக் குரல் இல்லை. எங்கள் நோட்டில் அந்த ஆறு மாதமும் சைபர்.

அந்த நோட்டைத்தான் நிர்வாகத்திடம் கொண்டுபோய்க் காட்டினோம். நான்கு ஆண்டுப் பதிவும், அதன் கீழே வரிசையாகச் சைபரும். வேறு எதுவும் பேசவில்லை. நீங்களும் எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். எல்லாச் சருகையும் விடச் சொல்லாதீர்கள். விடுதியைச் சுற்றியும் நடைபாதையிலும் கூட்டத்தான் வேண்டும், சருகில் பாம்பு வரும் என்ற நிர்வாகத்தின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆள் நடமாட்டமில்லாத ஒரு மூலையை மட்டும் கேளுங்கள். எங்களுக்கு அரை ஏக்கர் கொடுத்தார்கள். வேலி போட்டு, ‘இங்கே கூட்ட வேண்டாம்’ என்று பலகை வைத்தோம்.

ஒரு குளிர்காலம் சும்மா போனது. அதற்கடுத்த அக்டோபரில் ஒரு நாள் மாலை 6.05க்குக் காவலாளி அண்ணன் போன் செய்தார். ஒன்றும் சொல்லவில்லை, போனை மட்டும் வேலிப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.