எதிர்ப்பு ரகம் நட்டும் புகையான் வந்தது ஏன்?

கேள்வி: புகையானுக்கு எதிர்ப்புத் திறன் உள்ளது என்று சொன்னதால் மூன்று வருடமாக ஒரே நெல் ரகத்தை நடுகிறேன். முதல் இரண்டு வருடம் மருந்தே அடிக்கவில்லை. இந்த முறை பால் பிடிக்கும் நேரத்தில் வயல் வட்ட வட்டமாகக் காய ஆரம்பித்திருக்கிறது. விதை போலியா?

பதில்: போலி விதையாக இருந்தால் பயிரின் உயரம், கதிர் வந்த நாள், நெல்மணியின் வடிவம் இவற்றிலேயே தெரிந்திருக்கும். அவை சரியாக இருந்தால் விதைமேல் சந்தேகம் வேண்டாம். காரணம் பூச்சியிடம், அதாவது தண்டில் சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சியான புகையானிடம் இருக்கலாம்.

எதிர்ப்பு ரகம் என்றால் பூச்சி அண்டவே அண்டாது என்று பலரும் நினைக்கிறார்கள். சில பயிர்களில் ஓரளவு அப்படித்தான். சோளக் குருத்து ஈ இலையின் அடிப்பக்கத்தில் முட்டை வைக்கும். அங்கே நுண்ணிய முடி அடர்ந்த ரகங்களில் முட்டை குறைவாகவே விழும். இன்னும் சில ரகங்கள் பூச்சியைத் தடுப்பதே இல்லை. கடி வாங்கிக்கொண்டே ஓரளவு மகசூல் தரும். அதற்குத் தாங்கும் திறன் என்று பெயர்.

நெல்லில் புகையானுக்கு எதிரான ரகங்கள் பெரும்பாலும் வேறு வகை. தத்துப்பூச்சி வந்து உட்காரும், ஊசி போன்ற வாயைத் தண்டில் குத்தும், ஆனால் சாறு போதுமான அளவு ஏறாது. இடம் மாற்றி மாற்றிக் குத்தும். குஞ்சுகள் பசியால் சாகும், தப்பியவையும் குறைவாகவே முட்டை வைக்கும். உங்கள் முதல் இரண்டு வருட நிம்மதி இப்படி வந்ததாக இருக்கலாம்.

ஆனால் லட்சக்கணக்கான பூச்சிகளில் அந்தத் தடையைத் தாண்டிச் சாறு குடிக்கக்கூடியவை ஒன்றிரண்டு இருக்கும். சுற்றுவட்டாரம் முழுவதும் அதே ரகம் நின்றால் அவைதான் பெருகும். ஐஆர் 26 என்ற நெல் ரகத்தின் கதை இதுதான். ஒரே ஒரு வலுவான எதிர்ப்பு மரபணுவோடு 1973இல் வெளிவந்தது. இரண்டு மூன்று வருடத்திலேயே புகையான் அதைத் தின்னப் பழகிவிட்டது. அடுத்து வேறு மரபணுவோடு ஐஆர் 36 வந்தது. 1985இல் வந்த ஐஆர் 64இல் ஐஆர் 26இன் அதே பழைய மரபணுவோடு சின்னச் சின்ன மரபணுக்களும் துணைக்கு இருந்ததால் அது கூடுதல் காலம் நின்றது. ஒரே பூட்டை நம்புவதைவிடப் பல தாழ்ப்பாள் போடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் தழைச்சத்து. யூரியாவை அள்ளிப் போட்டால் சாறு புகையானுக்குச் சத்தாகிவிடும், எதிர்ப்பு ரகத்திலும் கூட்டம் கூடும். எவ்வளவு போட்டீர்கள் என்று எழுதவில்லை, யோசித்துப் பாருங்கள்.

இப்போதே வயலுக்குள் இறங்கி, காய்ந்த வட்டத்தின் ஓரத்தில் பச்சையாக நிற்கும் தூர்களைப் பிரித்து அடித்தண்டைப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பு நிறப் பூச்சிகள் அப்பியிருக்கும், வெள்ளைத் தோல்கள் ஒட்டியிருக்கும், தேன் போன்ற பிசுபிசுப்பில் கரும்பூசணம் படிந்திருக்கும். குட்டை இறக்கைப் பெண் பூச்சிகளும் எல்லா வயதுக் குஞ்சுகளும் ஏராளமாக இருந்தால், பூச்சி அந்த ரகத்தில் நன்றாகத் தின்று பெருகுகிறது என்று அர்த்தம்.

தூரில் உள்ள சிலந்திகளையும் எண்ணுங்கள், அவை புகையானைத் தின்னும். தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு (தூரில் கிளைக்கும் ஒவ்வொரு தண்டுக்கும்) 2 பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லாவிட்டால் சிம்புக்கு 1 பூச்சி வந்ததுமே நடவடிக்கை தேவை. வட்டம் விழுந்துவிட்டதால் உங்கள் வயல் அந்த அளவைத் தாண்டியிருக்கும். முதலில் தண்ணீரை வடியுங்கள். பிறகு புகையானுக்குப் பரிந்துரைத்த மருந்தை அடித்தண்டில் படும்படி அடியுங்கள். இலைமேல் தெளித்தால் பூச்சிக்குப் போய்ச் சேராது. செயற்கை பைரித்ராய்டு மருந்து மட்டும் வேண்டாம். அது சிலந்தியையும் புகையானைத் தின்னும் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடும், புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும்.

அடுத்த போகத்தில் வேறு எதிர்ப்பு மரபணு உள்ள ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். எட்டடிக்கு ஒரு அடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டு நடுங்கள். யூரியாவை மூன்று நான்கு தடவையாகப் பிரித்துப் போடுங்கள். பக்கத்து வயல்காரர்களிடமும் பேசி, எல்லோரும் ஒரே ரகத்தை நடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.