கை நன்றாக இருக்க, பாதம் மட்டும் ஏன் எரிகிறது?

கேள்வி: வயது 56, பெரம்பூரில் இருக்கிறேன். பத்து வருஷமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ராத்திரி படுத்தால் இரண்டு பாதமும் எரிகிறது. நடந்தால் பஞ்சு மேல் கால் வைப்பது போலிருக்கிறது. கையில் ஒன்றும் இல்லை. மெடிக்கலில் தரும் நரம்பு மாத்திரை போதுமா டாக்டர்?

பதில்: போதாது. காரணம், பாதத்துக்கு வரும் நரம்பு செல்லின் நீளத்தில் இருக்கிறது.

உங்கள் கால் கட்டைவிரல் நுனியில் தொடு உணர்வை வாங்கும் நரம்பு செல்லின் உடல் காலில் இல்லை. கீழ் முதுகில், முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுக்குள் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் ஆக்ஸான் என்ற இழை தொடை, கெண்டைக்கால் வழியாக விரல் நுனிவரை இறங்குகிறது. ஒரே செல், நீளம் ஏறக்குறைய 1 மீட்டர்! நுனிக்குத் தேவையான புரதங்களில் பெரும்பகுதி செல் உடலில்தான் தயாராகிறது. வேகமாகப் போகும் சரக்கே நாளுக்குச் சுமார் 40 செ.மீ.தான் நகரும். இழையின் சட்டகத்துக்கான புரதங்கள் நாளுக்குச் சில மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. விரலுக்கு வந்துசேர மாதக்கணக்கில் ஆகும்.

சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய்கள் கெடுகின்றன, இந்த அனுப்பீடும் தடுமாறுகிறது. அதனால் மிக நீளமான செல்கள் முதலில், அதுவும் கடைக்கோடியில் பாதிக்கப்படுகின்றன. கைக்குப் போகும் இழை குட்டை. பாதிப்பு முழங்கால்வரை ஏறும் சமயத்தில்தான் பொதுவாகக் கைவிரல் மரக்கத் தொடங்கும்.

எரிச்சல், மயலின் என்ற கொழுப்பு உறை இல்லாத மெல்லிய இழைகளின் கோளாறு. சூட்டையும் வலியையும் நொடிக்குச் சுமார் 1 மீட்டர் வேகத்தில் கொண்டுபோவது அவை. பஞ்சு உணர்வு, ஷ்வான் செல்கள் மயலின் உறையாகச் சுற்றிய தடித்த இழைகளுடையது. உங்களுக்கு இரண்டுமே பாதிக்கப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. நேரில் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

இனி மாத்திரை. நரம்பு மாத்திரை என்று கடையில் தருவது பெரும்பாலும் பி வைட்டமின்கள்தான். மெட்ஃபார்மினைப் பல வருஷம் சாப்பிட்டால் சிலருக்கு பி12 குறையும். மயலினுக்கு பி12 அவசியம். ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மாத்திரையோ ஊசியோ நிச்சயம் உதவும். குறைவில்லை என்றால், சர்க்கரை செய்த சேதத்தை அது சரிசெய்யாது. பி6 அதிகமாக உள்ள மாத்திரையை நெடுநாள் விழுங்கினால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுக்கும். கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எரிச்சலைத் தணிக்க ப்ரீகாபலின், டுலாக்ஸெடின் போன்ற மருந்துகளை மருத்துவர் எழுதித் தருவார். அவை வலியைக் குறைக்கும், நரம்பை வளர்க்காது. மேற்கொண்டு கெடாமல் காப்பது சர்க்கரைக் கட்டுப்பாடுதான்.

எரிச்சலைவிட எனக்குப் பயம் தருவது, அது தானாக நின்றுபோவது. குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். பல சமயம் உணர்வே போயிருக்கும். மயிலாப்பூர் அறுபத்துமூவர் சமயத்தில் மாட வீதியை வெறுங்காலில் சுற்றிவிட்டு, உள்ளங்காலில் ரூபாய் அகலக் கொப்புளத்தோடு வருபவர்கள் உண்டு. தரையில் ஈரத்தடம் பார்த்து வீட்டில் சொன்ன பிறகுதான் அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

தினமும் படுக்கும்முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். வெயிலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ உங்கள் சர்க்கரை மருத்துவரிடமோ போய், தொடு உணர்வைப் பார்க்கும் 10 கிராம் நைலான் இழைச் சோதனையும் அதிர்வு உணர்வைப் பார்க்கும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவைச் சோதனையும் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டும் சில நிமிட வேலை. வருஷம் ஒருமுறை அவசியம். கொப்புளமோ புண்ணோ தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.