பட்டியல் வருமுன்பே உடல் தளர்வது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 43. பெரிய உற்பத்தி நிறுவனம் ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் 17 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மறுசீரமைப்பு, ஆட்குறைப்பு என்று அறிவித்து மூன்று மாதமாகிறது. யார் யார் என்ற பட்டியல் மட்டும் இன்னும் வரவில்லை. தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது. ஒருமுறை அளந்த பாகத்தையே மூன்று முறை அளந்து பார்க்கிறேன். ஆலை மருத்துவ அறையில் ரத்த அழுத்தம் 146/94 என்றார்கள். நண்பர் கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையில் பாதியை இரண்டு வாரமாக இரவில் போட்டுக்கொள்கிறேன். இது இதய நோயா, வெறும் பயமா?

பதில்: ‘வெறும்’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுவோம். மூடப்படவிருந்த ஆலைகளின் தொழிலாளர்களை அமெரிக்காவில் ஸ்டானிஸ்லாவ் காஸ்ல், சிட்னி காப் என்ற இரு ஆய்வாளர்கள் தொடர்ந்து பரிசோதித்து, 1970இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலை போகப்போகிறது என்று தெரிந்து காத்திருந்த கட்டத்திலேயே அவர்களுடைய ரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது. வேறு வேலையில் அமர்ந்த பிறகு இறங்கியது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நடந்து 2016இல் வெளியான ஒரு சோதனை, உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. கணினித் திரையில் கல்லைப் புரட்ட வேண்டும். அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின் அதிர்ச்சி கிடைக்கும். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வருமா வராதா என்பது பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் வியர்வையும் பதற்றமும் உச்சத்தைத் தொட்டன. பட்டியலில் பெயர் வந்துவிட்ட சிலர் அன்றிரவே நன்றாகத் தூங்கியதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு நான் வியப்படையவில்லை.

மூன்று மணி விழிப்புக்கும் காரணம் உண்டு. இரவின் பிற்பாதியில் தூக்கம் இயல்பாகவே மெலிதாகிறது. உடலை விழிப்புக்குத் தயார்ப்படுத்தும் கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பு விடியலை நோக்கி ஏறத் தொடங்குகிறது. மனம் அமைதியாக இருந்தால் புரண்டு படுத்து மறுபடி தூங்கிவிடுவோம். நீங்களோ அந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்து, சக ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அந்த நேரத்தில் எந்த நிர்வாகமும் பட்டியல் வெளியிடுவதில்லை; அங்கே கிடைப்பது வதந்தி மட்டுமே. கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். இருபது நிமிடம் போல் ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொக்கும்போது படுங்கள். காபியில் உள்ள காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், பிற்பகலுக்குப் பின் அது வேண்டாம்.

ரத்த அழுத்தத்துக்கு வருவோம். ஒரே ஒரு அளவை வைத்து ஒரு பாகத்தைத் தள்ளுபடி செய்ய உங்கள் பிரிவில் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். நானும் 146/94 என்ற ஒரே எண்ணை வைத்து நோய் என்று சொல்ல மாட்டேன். ஏழு நாள், காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் இரண்டிரண்டு முறை வீட்டில் அளந்து எழுதுங்கள். முதல் நாளை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால், காரணம் கவலையே ஆனாலும் அதற்குச் சிகிச்சை தேவைப்படலாம். உங்கள் வயதில் படபடப்பை மனத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடுவது சரியன்று. ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். படியேறும்போது நெஞ்சை அழுத்தும் வலி வந்தாலோ, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ, உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் தலைகாட்டினாலும் அப்படியே. அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஒருமுறை அளந்ததையே திரும்பத் திரும்ப அளப்பது, ஓயாத கவலை கவனத்தைத் தின்றுவிடுவதன் அடையாளமாகவே எனக்குப் படுகிறது. மருத்துவரிடம் போனால், பதற்றத்தின் அளவை மதிப்பிடும் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். மொத்தம் 21இல் பத்தும் அதற்கு மேலும் வந்தால் மனநல மருத்துவரிடம் விரிவான மதிப்பீடு அவசியம். சிந்தனையையும் பழக்கத்தையும் திருத்தும் சிபிடி என்ற உளவியல் சிகிச்சை இதற்கு நன்றாகவே பலன் தருகிறது. அதில் கற்பிக்கும் ஒரு பயிற்சியை இன்றே தொடங்கலாம்: மாலையில் அரைமணி நேரத்தைக் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கி, தாளும் பேனாவுமாக உட்காருங்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு, சேரவேண்டிய பணம் எவ்வளவு, எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்று விசாரித்து அறியக்கூடியவற்றை ஒருபக்கம் எழுதுங்கள். பட்டியல் எப்போது வரும் என்பது போன்றவற்றை மறுபக்கம் எழுதி அங்கேயே விட்டுவிடுங்கள். இடையில் கவலை எழுந்தால் ‘மாலையில் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுங்கள். முதல் வாரம் இது கேலிக்கூத்தாகத் தோன்றும், விடாமல் செய்யுங்கள்.

என்னை உறுத்துவது அந்த மாத்திரைதான். அல்பிரசோலம் விரைவாக அமைதி தரும். சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். மறுநாள் இயந்திரத்தின் அருகே நிற்கும்போது அனிச்சைச் செயல்கள் மந்தமாக இருக்கும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கக்கூடும். நீடித்த பதற்றத்துக்கு, மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் பொருத்தமானவை, ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால் அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நண்பரின் மாத்திரையை இன்றே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்; இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். அதுவரை மது வேண்டாம். போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.